பழைய கார் வயரிங்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பழைய காரை எடுத்துத் திருத்துகிறோம், எஞ்சின் முடிந்தது, டிங்கரிங் முடிந்தது, பெயின்ட்கூட அடித்தாயிற்று, வயரிங்கில் வந்து நின்றுவிட்டோம் என்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தபோது விலை நம்மால் கிட்டப் போக முடியாத இடத்தில் நின்றது, அதனால் தோட்டத்துக் கொட்டகைகளில் படங்கு போர்த்திக் கிடந்த மொரிஸும் ஓஸ்டினும் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. எனக்கு அதில் நிறையச் சந்தோஷம். இந்த இதழில் முழுப் பக்கமும் வயரிங்குக்கே.

கேள்வி (தலவாக்கலை வாசகர்): அண்ணே, தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த எங்கள் தாத்தாவின் 1953 மொரிஸ் மைனரைத் திருத்துகிறேன். வயரெல்லாம் துணி சுற்றியது, தொட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் உதிர்கிறது. நான் வீட்டு வயரிங் செய்கிறவன், கார் வயரிங் பழக்கமில்லை. எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக இழு என்கிறார்கள் கூட்டாளிகள். எங்கிருந்து தொடங்கிப் பழகுவது?

பதில்: தம்பி, வெட்டாதீர்கள். உதிர்கிற அந்த வயரிங் செட்தான் இப்போது உங்களிடம் இருக்கிற மிகச் சரியான படம். எந்தக் கிளை எங்கே பிரிகிறது, டேஷ்போர்டுக்குப் பின்னால் எவ்வளவு நீளம் விட்டிருக்கிறார்கள், பின் லைட்டுக்கு எந்த வழியாகப் போகிறது எல்லாமே அதில் இருக்கிறது. வெட்டி எறிந்த கார்கள் மாதக்கணக்கில் அப்படியே நிற்பதைப் பல கராஜ்களில் பார்த்திருக்கிறேன். முதலில் பெட்டரியின் எர்த் வயரை, அதாவது பெட்டரியிலிருந்து காரின் பொடிக்கு (தகர உடலுக்கு) போகிற வயரைக் கழற்றுங்கள். ஃபோனில் ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுங்கள். ஒவ்வொரு முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இது எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதுங்கள். அப்புறம் முழுசாக இழுத்தெடுத்து ஒரு நீளப் பலகையில் கிடத்தி, பென்சிலால் அதன் உருவத்தைப் பலகையிலேயே வரைந்துகொள்ளுங்கள். புது செட் கட்டினாலும் வாங்கினாலும் இந்தப் பலகைதான் ஆதாரம்.

அடுத்தது நிறம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் நிறங்களுக்கு ஒழுங்கு உண்டு, அது பிடிபட்டால் பாதிப் பயம் போய்விடும். பிரவுன் என்றால் பெட்டரியிலிருந்து நேராக வருவது, சாவி போட்டாலும் போடாவிட்டாலும் கரண்ட் இருக்கும். வெள்ளை, சாவி போட்டால் மட்டும் வரும். அந்த வெள்ளை பியூஸ் தாண்டினால் பச்சை, பிரவுன் பியூஸ் தாண்டினால் ஊதா. சிவப்பு சைட் லைட்டும் பின் லைட்டும், நீலம் ஹெட் லைட், கறுப்பு எர்த். நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், சிவப்புக் கோடு டிம். உங்கள் காரின் துணி வயரில் நிறம் மங்கிப் போயிருக்கும், ஆனால் இணைப்புக்குள்ளே மறைந்திருந்த கடைசி அரை அங்குலத்தை ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் நிறம் அங்கே மிச்சமிருக்கும்.

வீட்டு வயரிங் தெரியும் என்றீர்கள். அது பெரிய உதவி, ஆனால் ஒரு கணக்கை மாற்றிப் போட வேண்டும். 100 வாட் பல்ப் வீட்டில் 230 வோல்ட்டில் அரை அம்பியரைக்கூட எட்டாது. அதே 100 வாட் 12 வோல்ட் காரில் எட்டு அம்பியரைத் தாண்டும். அதனால் காரில் கெட்டி வயரும் சுத்தமான இணைப்பும் இல்லாவிட்டால் எதுவும் சரியாக எரியாது. ஷொக் அடிக்காது என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது. வீட்டில் தப்பு நடந்தால் ட்ரிப் ஸ்விட்ச் விழும், காரில் பியூஸ் இல்லாத பிரவுன் வயர் பொடியில் பட்டால் பெட்டரி நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டும், வயர் சிவந்து பக்கத்து வயரையும் சேர்த்து எரித்துவிடும். மோதிரத்தையும் இரும்புச் சங்கிலிக் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

கையில் மிச்சமிருக்கிற வீட்டு வயரைக் காருக்கு இழுக்கும் ஆசையும் வேண்டாம். வயர் அளவில் முதல் எண் உள்ளே இருக்கிற கம்பிகளின் எண்ணிக்கை, இரண்டாவது ஒவ்வொரு கம்பியின் விட்டம் மில்லிமீட்டரில். வீட்டுக்குப் போடுகிற 7/0.67 வயரில் தடித்த கம்பி ஏழே ஏழு. காருக்கான 28/0.30 இல் மெல்லிய கம்பி இருபத்தெட்டு. செம்பின் மொத்தக் கனம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் தோட்டத்து ரோட்டில் ஒரு வருசம் ஆடிக் குலுங்கினால் தடித்த கம்பி முனையில் ஒவ்வொன்றாக முறியும், மெல்லிய கம்பி வளைந்து கொடுக்கும். ஒற்றைக் கம்பி 1/1.13 பற்றிச் சொல்லவே வேண்டாம். சைட் லைட் மாதிரிச் சின்ன வேலைக்கு 14/0.30, ஹெட் லைட்டுக்கு 28/0.30, டைனமோவுக்கும் (எஞ்சின் ஓடும்போது கரண்ட் தருவது) பிரவுன் மெயினுக்கும் 44/0.30 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கைப்பழக்கம். இதைக் காரில் பழகாதீர்கள், மேசையில் பழகுங்கள். ஒரு பிளைவுட் துண்டில் ஒரு பியூஸ், ஒரு ஸ்விட்ச், ஒரு ஹெட் லைட் பல்ப் பொருத்தி, பெட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து, அந்த ஒரு சர்க்கியூட்டை நீங்களே கடதாசியில் வரைந்து கட்டுங்கள். எரிந்ததும் கலைத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். அப்புறம் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் ஸ்விட்ச்) சேருங்கள், அப்புறம் டிம் ஸ்விட்ச். ஒரு முழுக் காரின் வயரிங் இப்படிச் சின்னச் சின்ன சர்க்கியூட் சேர்ந்ததுதான். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசியில் வரைந்து வைத்தால் தலை சுற்றாது. எல்லாம் ஒரே தாளில் இருக்கும் கம்பெனிப் படத்தை அப்புறம் விரித்துப் பாருங்கள், கண்ணுக்குப் பழகியிருக்கும்.

டெர்மினல் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) அழுத்துவதற்கு நேரம் கொடுங்கள், பிற்காலத்தில் வரும் வயரிங் கோளாறில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. குறடால் நசுக்கியதை டெர்மினல் என்று சொல்ல முடியாது. ராட்செட் வைத்த கிரிம்பிங் குறடு ஒன்று வாங்குங்கள், முழுசாக அழுத்தி முடியாமல் அது திறக்காது. டெர்மினலில் இரண்டு காது இருக்கும். முன் காது செம்பைப் பிடிக்க வேண்டும், பின் காது வயரின் பிளாஸ்டிக் தோலைப் பிடிக்க வேண்டும். தோலைப் பிடிக்காவிட்டால் ஆட்டம் முழுக்கச் செம்பில் விழும். அழுத்திய பிறகு இழுத்துப் பாருங்கள், பலமாகவே இழுங்கள். பழகுகிற நாட்களில் ஒன்றிரண்டை ஹெக்சோவால் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தை அரத்தால் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கம்பிகள் தனித்தனி வட்டமாகத் தெரிந்து நடுவில் கறுப்பு இடைவெளி இருந்தால் அழுத்தம் போதவில்லை. எல்லாம் நெருங்கி ஒரே செம்புக் கட்டியாகத் தெரிந்தால் சரி. ஈயம் வைத்தால் இன்னும் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். ஈயம் கம்பிக்குள் ஊறி ஏறி, அது நிற்கிற இடத்தில் வயர் விறைத்துப்போகும், ஆட்டத்தில் சரியாக அந்த இடத்தில்தான் முறியும். புல்லட் முனைகளுக்கு (தோட்டா வடிவில் சொருகுகிற இணைப்பு) ஈயம் வைக்கும் பழக்கம் உண்டு, அங்கே வயரை உடனே பக்கத்தில் கட்டித் தாங்கிவிட வேண்டும்.

கடைசியில் காரில் பொருத்தி முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது பெட்டரியை நேராக மாட்டாதீர்கள். கழற்றி வைத்த எர்த் வயருக்கும் பெட்டரி முனைக்கும் நடுவில் ஒரு 21 வாட் பல்ப்பை வையுங்கள். எல்லா ஸ்விட்சும் நிறுத்தியிருக்க பல்ப் எரியக் கூடாது. பளிச்சென்று எரிந்தால் எங்கேயோ ஷோர்ட், ஆனால் பல்ப் இரண்டு அம்பியருக்கு மேல் விடாது என்பதால் எதுவும் எரிந்துபோகாது, நிதானமாகத் தேடலாம். எரியவில்லையா, ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பாருங்கள், சின்ன லைட்களுக்குப் பல்ப் மங்கலாகவும் ஹெட் லைட்டுக்குப் பளிச்சென்றும் எரியும், அது சரிதான். அதெல்லாம் பார்த்த பிறகு பெட்டரியை மாட்டுங்கள்.

கேள்வி (நானுஓயா வாசகர்): என்னுடைய 1964 மொரிஸ் மைனர் ஹெட் லைட் குப்பி விளக்கு மாதிரி எரிகிறது. இரவில் மூடுபனியில் ரதல்லைப் பக்கம் இறங்கவே பயம். 100 வாட் பல்ப் போடச் சொல்கிறார்கள், போடலாமா ஐயா?

பதில்: போட வேண்டாம் ஐயா. கணக்கைப் பாருங்கள். இரண்டு 100 வாட் என்றால் பதினேழு அம்பியர். உங்கள் காரின் டைனமோ ஒழுங்காகச் சுற்றும்போது தருவதே 22 அம்பியர். முதலாம் கியரில் மெதுவாக ஏறும்போது அவ்வளவும் வராது. பிளக்குக்குப் பொறி தருகிற கொயில், வைப்பர், சைட் லைட் எல்லாம் அதில்தான் பங்கு கேட்கும். அதோடு அத்தனை அம்பியரும் அறுபது வருசப் பழைய லைட் ஸ்விட்ச் வழியாகவும் காலால் மிதிக்கிற டிம் ஸ்விட்ச் வழியாகவும் போக வேண்டும், இரண்டும் சூடேறிக் கருகும்.

கோளாறு பல்ப்பில் இருக்க வாய்ப்புக் குறைவு. மல்டிமீட்டரை 20 வோல்ட் டீசியில் வைத்து, எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, ஹெட் லைட் போட்டு, பெட்டரி முனைகளில் அளந்து எழுதுங்கள். அப்புறம் ஹெட் லைட்டின் பின்னால் சொக்கெட்டிலேயே அளங்கள், லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே. இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பழைய கார்களில் ஒன்றரை, இரண்டு வோல்ட் காணாமல் போயிருப்பது சாதாரணம். சாதாரணப் பல்ப்பில் வோல்ட் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது வீதம் குறையும், அதனால்தான் உங்களுக்குக் குப்பி விளக்கு.

காணாமல் போன வோல்ட் எங்கே என்று பிடிப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. மீட்டரின் ஒரு கம்பியைப் பெட்டரியின் எர்த் முனையில் வையுங்கள், மற்றதை ஹெட் லைட்டின் எர்த் டெர்மினலில். எரியும்போது அங்கே 0.2க்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. நம் பக்கத்து ஈரத்தில் முதலில் போவது அதுதான். எர்த் ஸ்குருவைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகத் தகரம் மினுங்கும்வரை சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். புதுப் பெயின்ட் அடித்த காரில் இது இன்னும் முக்கியம், பெயின்ட் மேலேயே முறுக்கிய எர்த் வேலை செய்யாது.

எர்த் சரி என்றால் அடுத்த பக்கத்தை அளங்கள். பெட்டரியின் மற்ற முனையில் ஒரு கம்பி, லைட் ஸ்விட்சின் உள்வரும் இடம், வெளிப்போகும் இடம், டிம் ஸ்விட்ச், புல்லட் இணைப்பு என்று மற்றக் கம்பியை வரிசையாக நகர்த்துங்கள். எண் சட்டென்று ஏறுகிற இடத்தில்தான் கோளாறு. மைனரில் டிம் ஸ்விட்ச் தரையில் இருப்பதால் சப்பாத்துச் சேறும் ஈரமும் உள்ளே போய்ப் பச்சை பிடித்திருக்கும், அதை முதல் சந்தேகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் சுத்தம் செய்த பிறகு இரண்டு ரிலே போடுங்கள், ஹை பீமுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. 30 என்ற முனைக்குப் பெட்டரியிலிருந்து பியூஸ் வழியாக 28/0.30 வயர், லைட்டுக்கு 87, பழைய ஸ்விட்ச் வயர் 85க்கும் 86க்கும் நடுவில் ரிலேக்குள் இருக்கிற சின்னக் கொயிலை மட்டும் இயக்கும். ரிலேயின் மேல் அச்சடித்த படத்தில் டயோட் குறி இருந்தால் வாங்காதீர்கள், உங்கள் கார் பொசிட்டிவ் எர்த்தாக (பெட்டரியின் பொசிட்டிவ் முனை பொடியில் இணைந்தது) இருந்தால் அது பொருந்தாமல் போகும். இன்னொன்று, இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனி பியூஸ் போடுங்கள். மைனரில் கம்பெனி ஹெட் லைட்டுக்கு பியூஸே வைக்கவில்லை, ஒரே பியூஸ் போட்டால் அது போகிற இடம் ஒரு வளைவாக இருந்தால் இரண்டு லைட்டும் சேர்ந்து அணையும். நம் ரோட்டில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

கேள்வி (பண்டாரவளை வாசகர்): பிரேக்கை மிதித்தால் பியூஸ் போகிறது. சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றி ஓட்டுகிறேன். பியூஸில் 35 என்று போட்டிருக்கிறது, கடையில் கிடைக்கிற 35 போட்டால் நிற்குமா?

பதில்: ஈயத்தாளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. அந்தத் தாள் இருக்கும்வரை பியூஸ் வேலையை வயர்தான் செய்கிறது. கடை 35ம் சரிவராது. பழைய பிரிட்டிஷ் பியூஸில் எழுதியிருக்கும் 35 அது எரிந்து போகிற அளவு, தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இப்போது வரும் பியூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. அதனால் 15 போடுங்கள்.

கோளாறைப் பிடிக்க, பியூஸை எடுத்துவிட்டு அந்த இரண்டு கிளிப்புக்கும் நடுவில் ஒரு 21 வாட் பல்ப்பை மாட்டுங்கள். பின்னால் பிரேக் பல்ப் இரண்டையும் கழற்றிவிடுங்கள், அவை இருந்தால் நல்ல சர்க்கியூட்டிலும் பல்ப் எரிந்து குழப்பும். கொயிலின் வெள்ளை வயரையும் கழற்றி வையுங்கள், சாவி போட்டபடி நின்றால் கொயில் சூடேறும். இப்போது சாவியைப் போட்டு ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தால், பிரேக் ஸ்விட்சிலிருந்து பின்னால் போகிற பச்சையில் ஊதாக் கோடு போட்ட வயர்தான் பொடியில் படுகிறது. அவர் மிதித்தபடியே இருக்க, நீங்கள் அந்த வயரை முன்னிருந்து பின்னாக அசைத்துக்கொண்டே போங்கள், பல்ப் மினுங்குகிற இடம் அகப்படும். பெரும்பாலும் தகரத்தைத் துளைத்துப் போகிற இடத்தில் ரப்பர் வளையம் உதிர்ந்து, துளையின் விளிம்பு வயரை அறுத்திருக்கும். கார் நிறைய நாள் நின்றது என்றால் எலி கடித்ததாகவும் இருக்கலாம். வயரை மாற்றி, புது ரப்பர் வளையம் போடுங்கள். டேப் சுற்றி விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (ஹட்டன் வாசகர்): என் ஓஸ்டின் பொசிட்டிவ் எர்த். ரேடியோ போட வேண்டும், நெகட்டிவ்வுக்கு மாற்றலாமா?

பதில்: டைனமோ உள்ள காரில் மாற்றுவது கடினமில்லை, ரேடியோ வேண்டும் என்றால் மாற்றுவதே நல்லது. பெட்டரியைத் திருப்பி வையுங்கள், முனைகளின் கனம் வேறு என்பதால் கிளாம்ப்களும் மாற வேண்டியிருக்கும். கொயிலின் இரண்டு சின்ன வயரையும் இடம் மாற்றுங்கள், அம்மீட்டர் இருந்தால் அதன் வயரையும். ஸ்டார்ட்டர் மோட்டரைத் தொட வேண்டியதில்லை, அது எப்படியும் ஒரே பக்கம்தான் சுற்றும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் டைனமோவுக்குப் புதுத் திசையைப் பழக்க வேண்டும். டைனமோவில் F என்று குறித்த முனையின் வயரைக் கழற்றிவிட்டு, பெட்டரியின் பொசிட்டிவ்விலிருந்து ஒரு வயரை எடுத்து அந்த F முனையில் சில தடவை சட்டுச் சட்டென்று தொட்டு எடுங்கள், சின்னப் பொறி வரும், போதும். முன்பு யாராவது எலெக்ட்ரோனிக் சிக்னல் பிளாஷர், டயோட் வைத்த பெட்ரோல் பம்ப் போட்டிருந்தால் அவற்றைக் கழற்றிய பிறகே பெட்டரியைத் திருப்புங்கள். முடிந்ததும் பொனட்டுக்கு உள்ளே ‘நெகட்டிவ் எர்த்’ என்று பெயின்ட்டால் எழுதி வையுங்கள், நாளைக்கு வேறொருவர் பெட்டரி மாற்றலாம்.

கேள்வி (ஹப்புத்தளை வாசகி): உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்தேன். அப்பாவின் பழைய மினியை நானே வயரிங் செய்ய ஆசை. கராஜில் கேட்டால் பார்த்துக்கொண்டு நில் என்கிறார்கள், கையில் தருவதில்லை. முதலில் என்ன சாமான் வாங்குவது?

பதில்: தங்கச்சி, நன்றாகச் செய்வீர்கள், இந்த வேலைக்கு வேண்டியது பொறுமையும் சுத்தமான கையும்தான். முதல் காசை மல்டிமீட்டருக்கும் ராட்செட் கிரிம்பிங் குறடுக்கும் போடுங்கள். மூன்றாவது, வயர் தோலுரிக்கும் குறடு, கத்தியால் உரித்தால் கம்பி இரண்டு மூன்று அறுபடும். டெஸ்ட் லேம்பை நீங்களே செய்யலாம், ஒரு பழைய பல்ப் ஹோல்டரும் இரண்டு முதலைக் கிளிப்பும் போதும். மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், ஒரே ஒரு கம்பியில் தொங்குகிற வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், பல்ப்பை மாட்டினால்தான் அந்த வயரால் சுமை இழுக்க முடியாது என்று தெரியும். டெர்மினல், புல்லட், வயர் எல்லாம் கண்டியிலும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் கிடைக்கும், வயர் வாங்கும்போது முனையை உரித்துக் காட்டச் சொல்லுங்கள், செம்பு சிவந்து மெல்லியதாக, நிறையக் கம்பியாக இருக்க வேண்டும்.

முறையாகப் படிக்க வேண்டுமென்றால் தொழிற்பயிற்சி அதிகாரசபையில் வாகன மின்னியல் பாடநெறி பற்றி விசாரியுங்கள், என்விகியூ சான்றிதழ் இருந்தால் அதே கராஜ்காரர்கள் கையில் தருவார்கள். அதுவரைக்கும் அப்பாவின் மினியில் சைட் லைட் சர்க்கியூட்டை மட்டும் எடுங்கள். சிவப்பு வயரை ஸ்விட்சிலிருந்து பின் லைட்வரை தொடர்ந்து போய், வரைந்து, அளந்து, எர்த் சுத்தம் செய்து, நான்கு மூலையிலும் பெட்டரியில் வருகிற வோல்ட்டே கிட்டத்தட்ட வருகிறதா என்று எழுதி அனுப்புங்கள். ஏதாவது மூலையில் குறைந்தால் அந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், அடுத்த இதழில் அங்கிருந்து பார்ப்போம்.